மூன்று கல்லும் ஐந்து தகடும்

வெளிநாட்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், கஜா புயலுக்கு அடுத்த ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது, எனக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து தந்தார். கனத்த துணியுறை ஒன்றினுள் ஐந்து எஃகுத் தகடுகள். மடித்துவைத்தால் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தின் அளவுதான்; எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விளிம்புகளில் வெட்டப்பட்ட பிளவுகளில் ஒன்றையொன்று கோத்து நிறுத்தினால், நான்கு சுவரும் துளையிட்ட அடித்தளமும் கொண்ட விறகடுப்பாக அது எழுந்துநிற்கிறது. ஒரு பக்கத்தில் சுள்ளி செருகுவதற்குச் சிறு வாயில் இருக்கிறது. மலையேறுவோரும் காட்டில் கூடாரமிட்டுத் தங்குவோரும் மேலைநாடுகளில் இதனைத் தோள்பையில் வைத்துச் செல்வார்களாம். "வகுப்பில் அடுப்பைப் பற்றியே ஒருமணி நேரம் பேசுவீர்களே ஐயா, அதனால்தான் வாங்கினேன்" என்றார்.

மறுநாள் அதனை ஆசிரியர் அறைக்கு எடுத்துச் சென்று காட்டினேன். அறையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பொருளியல் துறை நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் அம்மா முப்பது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப்போனார்கள். ஊரே அதைவிட்டு வெளியேறி வந்திருக்கிறது. நீங்கள் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறீர்கள். இலக்கியக்காரர்களுக்குப் புகைகூட அழகாகத்தான் தெரியும்" என்றார். காசு கொடுத்தவன் நானில்லை என்பதைத் தவிர, அப்போது சொல்வதற்கு என்னிடம் விடை எதுவுமில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. இக்கட்டுரை அதற்கு நான் தாமதமாகச் சொல்லும் விடை எனலாம்.

வெட்டவெளியில் சமைப்பது நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. அகநானூற்றின் 159ஆம் பாடலில் பாலைவழியில் செல்லும் உப்பு வணிகர்கள் வண்டிகளை நிறுத்திக் கல் கூட்டிச் சமைக்கிறார்கள். உண்டபின் கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னர் அவ்வழியே வரும் வில்லேந்திய ஆநிரை கவர்வோர், கைவிடப்பட்ட அதே அடுப்பில் இறைச்சியை வேகவைக்கின்றனர். உமணர் தம் அடுப்பைச் சுமந்து செல்லவில்லை. கல் எங்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவர்களுடைய பயண அடுப்பு. புறநானூற்றின் 164ஆம் பாடலில் வேறோர் அடுப்பைப் பார்க்கிறோம். பெருந்தலைச் சாத்தனார் காட்டிலிருக்கும் குமணனிடம் சென்று, தம் வீட்டு அடுப்பு சமையலையே மறந்துபோய்க் காளான் பூத்துக் கிடப்பதைச் சொல்கிறார். வறுமையைச் சொல்வதற்கு அவர் பசித்த வயிற்றிலிருந்து தொடங்கவில்லை, எரியாத அடுப்பிலிருந்து தொடங்குகிறார். இவ்விரண்டு பாடல்களையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அடுப்பு எரியாமற்போவதற்கு வறுமையல்லாத காரணமும் உண்டு என்பது 2018 வரையில் எனக்கு உறைக்கவில்லை.

உமணரின் கல்லடுப்பு எங்கள் பகுதிக்குப் பொருந்தாது. வல்லத்து மேட்டு நிலத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலன்றி வேறெதுவும் இல்லை. 1010இல் முடிந்த பெரிய கோயிலுக்கே கருங்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே இங்கே வெளியில் சமைப்பவர்கள் செங்கல்லை அடுக்கினார்கள், காய்ந்த மண்கட்டியைக் கூட்டினார்கள், அல்லது மண்ணைத் தோண்டினார்கள். கல்யாணத்திற்கும் கோயில் அன்னதானத்திற்கும் நீளமாகக் குழியெடுத்துக் கட்டும் கோட்டை அடுப்பு மண்ணுக்குள் இறங்கிய அடுப்பே. அரவை ஆலைகள் மலிந்த நெல் நாடாகையால் உமியும் எரிபொருளாயிற்று. தகர டப்பாவின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் உமியையோ மரத்தூளையோ கெட்டியாக அடைத்து, புட்டியை மெல்ல உருவி எடுத்துவிட்டால் நடுவில் புகைபோக்கி போன்ற துளை கிடைக்கும். அடிவாயிலில் தீ வைத்தால் நெடுநேரம் நின்று எரியும். கரி போட்டு விசிறும் இரும்புக் குமுட்டியும் தூக்கிச் செல்லக்கூடியதுதான். எனவே, எடுத்துச் செல்லும் அடுப்பு என்ற எண்ணம் மேலைநாட்டிலிருந்து வந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றன்று.

வெளியில் சமைப்பவர்கள் யார் என்பதுதான் இங்கு முக்கியமான கேள்வி. ஆற்றங்கரையில் கூட்டாஞ்சோறு ஆக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். குலதெய்வக் கோயில் வாசலில் பொங்கலிடும் குடும்பங்கள் இருக்கின்றன. இவை விருப்பத்தின் பேரில் நடப்பவை. மாலையில் வீடு திரும்பியதும் வேறோர் அடுப்பு காத்திருக்கும். அறுவடை முடிந்த கோடையில் இராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வயல்களில் கிடை போடும் கீதாரிகளுக்கு அப்படியில்லை. சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விவரிக்க வேண்டியதில்லை. அறுத்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களுக்கும், சூளையில் கல்லறுக்க வந்த குடும்பங்களுக்கும் அன்றாட அடுப்பே வெட்டவெளியில்தான். இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெளியில் சமைப்பது விளையாட்டாக இருக்கும்போது பெரும்பாலும் ஆண்கள் தீ மூட்டுகிறார்கள். அதுவே பிழைப்பாக இருக்கும்போது பெண்கள் மூட்டுகிறார்கள். புகையின் மணத்தைப் பற்றி உருகி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆண்கள் எழுதியது என்பது தற்செயலாக இருக்கமுடியாது.

பொருளியல் நண்பரின் கோபத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. ஐதராபாத்தில் பணிபுரிந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. 1980களில் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கி, 2002இல் அதைக் கைவிட்டது. கட்டித்தரப்பட்ட அடுப்புகளில் பல சில ஆண்டுகளுக்குள் உடைந்தன, அல்லது வீட்டாரின் பாத்திரத்திற்கும் சமையலுக்கும் ஒத்துவராமல் மூலையில் கிடந்தன. தமிழ்நாட்டில் 2006இல் அமைந்த அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. இந்த வரலாற்றின் திசையில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. அன்றாடச் சமையல் புகையில்லாமல் நடக்கவேண்டும். எரிவாயு உருளையின் விலையும் ஏழைக் குடும்பத்திற்கு எட்டவேண்டும். மடிக்கும் அடுப்பையோ வேறெந்த விறகடுப்பையோ எரிவாயுவுக்கு மாற்றாக ஏழைகளிடம் தள்ளிவிடும் பேச்சு எங்கிருந்து வந்தாலும் அதை எதிர்ப்பவர்களின் பக்கமே நான் நிற்பேன்.

அப்படியானால் இந்த ஐந்து தகடுகளை ஏன் பொருட்படுத்த வேண்டும்? இதற்கு விடை கஜாவில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே அந்தப் புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. நான்காம் நாள் மாணவர்களுடன் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குப் போனேன். மரங்களை அறுத்து வழி செய்துகொண்டுதான் போகவேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்ததும் நாங்கள் கொண்டுசென்ற அரிசியை உடனடியாக யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. "ரொட்டி இருக்கா சார்?" என்றுதான் கேட்டார்கள். உருளை தீர்ந்த வீடுகளுக்கு மாற்று உருளை வரவில்லை. கூரை பறந்த வீடுகளில் மண்ணடுப்பு மழையில் கரைந்திருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான தென்னை மரங்கள் விழுந்து கிடக்க, ஓர் உலை வைக்க விறகில்லை. புதிதாக வீழ்ந்த மரத்தின் எடையில் பாதிவரை நீராக இருக்கக்கூடும். அந்த நீர் ஆவியாகிப் போகும்வரை விறகுக்குச் சூடு ஏறாது. அதுவரை புகையைத்தான் தரும்.

என் மாணவர்கள் பச்சை மட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்க முயன்று அரைமணி நேரம் இருமிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். "பச்ச மட்டைய வச்சு ஊதிக்கிட்டிருந்தா பொழுதுதான் போவும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தம் வீட்டுக்குள் போனார். பாதிக் கூரை மிஞ்சிய அவ்வீட்டின் பரணில் ஒரு சாக்கு நிறையக் கொட்டாங்கச்சியும், காய்ந்த பாளையும், அடிப்பக்கம் ஓட்டையிட்டு வாய் வெட்டிய ஒரு பழைய எண்ணெய் டின்னும் இருந்தன. ஈரத்தரையில் இரண்டு ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் டின்னை நிறுத்தி, காற்று வரும் பக்கம் ஒரு கதவுப் பலகையைச் சாய்த்துவைத்தார். கால்மணி நேரத்தில் உலை கொதித்தது. அன்று அந்தத் தெருவுக்கு அவர் ஒருவராகவே மூன்று முறை நொய்க்கஞ்சி காய்ச்சினார். அரிசி எங்களுடையதுதான். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவைப் பசியாற்றியது அவருடைய பரண்.

அந்த டின்னும் என் மாணவர் தந்த எஃகு அடுப்பும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. அடித்தளத்துத் துளைகள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது, சுவர்கள் சூட்டைச் சிதறவிடாமல் தடுக்கின்றன, சூடேறிய காற்று மேலே எழும்போது கீழிருந்து இன்னும் காற்றை இழுக்கிறது. விறகிலிருந்து வெளிப்படும் ஆவிகள் போதிய சூடும் காற்றும் கிடைத்தால் தழலாக எரிகின்றன. கிடைக்காவிட்டால் எரியாமல் தப்பி நம் கண்ணுக்கு வருகின்றன. புகை என்று அதைத்தான் சொல்கிறோம். திறந்த மூன்று கல் அடுப்பில் காற்று சூட்டை நாற்புறமும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. தகட்டடுப்பில் விரல் பருமனுள்ள சுள்ளிகளே போதும்.

அதற்காக மேலைநாட்டு அடுப்பை அப்படியே புகழ்ந்துவிட முடியாது. வெண்ணாற்றங்கரையில் வைத்து மூன்று முறை அதில் சமைத்துப் பார்த்தேன். அது ஒரு குவளைத் தேநீருக்கும், தட்டையான அடியுள்ள சிறு பாத்திரத்திற்கும் என வகுக்கப்பட்டது. நம்முடைய குண்டானோ அடிபுடைத்த பாத்திரம். அதை ஏற்றியதும் மேல்வாய் அடைபட்டுத் தீ மூச்சுத்திணறியது. உலைநீர் நிறைந்ததும் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. கொதிநீர் காலில் கவிழ்ந்திருக்கும், நல்லவேளையாகத் தப்பினேன். விறகறை சிறியதாகையால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுள்ளி செருகவேண்டும். பக்கத்திலிருந்து நகர முடியாது. சோறு வடிக்கும் அளவுக்கு நீரைக் கொதிக்கவைத்து நிறுத்திவைப்பது அதற்கு மிகுதியான வேலை. பழைய தேசியத் திட்டத்து அடுப்புகள் மூலையில் கிடந்த காரணம் எனக்கு ஆற்றங்கரையில்தான் விளங்கிற்று. அடுப்பை வகுத்தவர் பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் தஞ்சையில் ஓர் இரும்புப் பட்டறைக்கு அதனை எடுத்துச் சென்றேன். பட்டறைக்காரர் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்தார். "இதுல என்ன சார் இருக்கு? அஞ்சு தகடு, எட்டு வெட்டு" என்றார். அவரே மாற்றங்களையும் சொன்னார். சுவரை மேல்நோக்கிச் சற்றே விரித்து, நான்கு மூலையிலும் விரற்கடை உயரத்திற்குக் கொம்பு விட்டால் குண்டான் அமரும், தீக்கும் வழி கிடைக்கும் என்றார். அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்தினார். ஈரத்தரையில் அது மிகவும் தேவை. எஃகுக்குப் பதில் சாதாரண இரும்புத் தகடு என்பதால் எடை கூடிற்று, துருவும் பிடிக்கும். தேங்காயெண்ணெய் பூசிச் செய்தித்தாளில் சுற்றிவைக்கச் சொன்னார். அவ்வடுப்பில் ஐந்து பேருக்குக் கஞ்சி வைக்க முடிகிறது. சோறே வேண்டுமென்றால் கொதி வந்து சிறிது நேரம் ஆனதும் மூடியிட்டு இறக்கி, வைக்கோல் திணித்த கூடைக்குள் பொதிந்துவிட்டால் மிச்சம் தானே வெந்துவிடும். உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்ட ஐரோப்பிய வீடுகளில் இப்படி வைக்கோற்பெட்டியில் சமைத்தார்கள். வைக்கோலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

எச்சரிக்கையாகச் சில சொல்லவேண்டும். எத்தனை நன்றாக எரிந்தாலும் இது மூடிய அறைக்குள் வைக்கும் அடுப்பன்று. மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மழைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு தணலை உள்ளே வைப்பது புயல் நாட்களில் நேரக்கூடிய தவறு. தாழ்வாரம்வரை கொண்டுவரலாம், அதற்குமேல் கூடாது. அரளிச் சுள்ளியை எரிக்கலாகாது, அதன் புகையும் நஞ்சு. கணுவோடு கூடிய பச்சை மூங்கில் வெடிக்கும். முருங்கை எரிந்தும் பயனில்லை. கொட்டாங்கச்சி, சவுக்குச் சுள்ளி, சீமைக் கருவேலம், காய்ந்த பாளை ஆகியவை நம் கைக்கெட்டும் நல்ல எரிபொருள்கள். பாத்திரத்தின் வெளி அடியில் முன்கூட்டியே ஈரமண்ணையோ சாம்பற்குழைவையோ பூசிவிட்டால் கரி எளிதில் கழுவப்படும். இதை என் தாயார் செய்யக் கண்டிருக்கிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். 1952, 1977, 2018 என்று நம் கடலோரத்தைப் புயல்கள் தாக்கியிருக்கின்றன. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. ஒவ்வொரு முறையும் அரிசி வந்துவிடுகிறது. அரசு அனுப்புகிறது, ஊரார் அனுப்புகிறார்கள், மாணவர்கள் சுமந்து செல்கிறார்கள். நெல் விளையும் நாட்டில் அரிசியைச் சேர்ப்பது அத்தனை கடினமில்லை. அரிசியைச் சோறாக்கும் நெருப்பை யாரும் அனுப்புவதில்லை. எரிவாயு வந்தபின் பரணில் கொட்டாங்கச்சி சேர்த்துவைக்கும் வழக்கம் போய்விட்டது. மாடி வீடுகளில் பரணே இல்லை. அன்றாடத்திற்குப் பழைய அடுப்பை நாம் துறந்தது சரி. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பத்து நாட்களுக்கான அடுப்பையும் அதோடு சேர்த்தே துறந்துவிட்டோம். இந்த இழப்பைப் புகை மணக்கும் நினைவுக் கட்டுரைகளில் எங்கும் நான் காணவில்லை. அவற்றில் வருவதெல்லாம் பாட்டி கைச் சோற்றின் ருசி மட்டுமே.

ஆகவே டெல்டாவின் கடலோர ஊர்களில் வீட்டுக்கொரு தகட்டடுப்பும், ஈரம் புகாத உறையில் ஒரு சாக்குக் கொட்டாங்கச்சியும், ஒரு தீப்பெட்டியும் இருக்கவேண்டும் என்கிறேன். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை அதனை எடுத்து எரித்துப் பார்த்துத் திரும்ப வைக்கவேண்டும். புயல் பாதுகாப்பு மையங்களில் பாய், போர்வையோடு இவையும் இடம்பெற வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பொருள் தேவையில்லை. கும்பகோணத்திலும் தஞ்சையிலும் திருவாரூரிலும் தகடு வெட்டத் தெரிந்த கைகள் எத்தனையோ உள்ளன. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு முகாமில் இதைச் செய்து கொடுத்துவிடலாம். மரம் நடுவதைப்போல் புகைப்படத்திற்கு எடுப்பாக இராது என்பது மட்டுமே குறை.

இதனைப் பொருளியல் நண்பரிடம் சொன்னேன். சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, "பத்து நாளுக்கு என்றால் சரி. பதினோராம் நாள் உருளை வராவிட்டால் உங்கள் அடுப்பைக் காட்டி அரசாங்கம் தப்பித்துக்கொள்ளும், அதையும் எழுதுங்கள்" என்றார். எழுதிவிட்டேன்.

பட்டறையில் செய்த அடுப்பைச் சென்ற புரட்டாசியில் அந்தச் சிற்றூருக்குக் கொண்டுசென்று அந்த மூதாட்டியிடம் கொடுத்தேன். கோத்துக் காட்டியபோது ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. வெறகு காயாம இருந்தா இதுவும் எரியாது" என்றார். அவருடைய எண்ணெய் டின் புதிய ஓட்டு வீட்டின் பரணில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு சாக்கு நிறையக் கொட்டாங்கச்சி.